மூன்றாவது மாடிக் கயிறு

ஊரே கதவடைத்துக்கொண்ட ஒரு கோடையில், பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒரு தேங்காய்நார்க் கயிறு இருந்தது. அதுவரை அது துணி காயப்போடும் கொடியாக இருந்தது. ஊரடங்கு வந்ததும் அதை அவிழ்த்து, ஒரு முனையைப் பால்கனிக் கம்பியிலும் மறுமுனையைப் பிளாஸ்டிக் கூடையிலும் கட்டினார்கள். கீழே இருக்கும் அரிசி பருப்பை மேலே இருக்கும் தணிகாசலத்திடம் சேர்ப்பது அதன் வேலையானது.

தணிகாசலத்துக்கு அறுபத்தெட்டு வயது. தனி ஆள். நுரையீரல் பழுது. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் முப்பது ஆண்டுகள் லிஃப்ட் ஓட்டியவர். கதவு திறக்கும்போதெல்லாம் அந்த மாடியில் என்ன கிடைக்கும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் மாடியில் குழந்தைகள் துணி, இரண்டாவது மாடியில் வேட்டி சட்டை, மூன்றாவது மாடியில் பட்டு. இறங்கி வந்தால், "கிரவுண்ட் ஃப்ளோர், வெளிய போற வழி." இப்படி மற்றவர்களை ஏற்றி இறக்கியவருக்கு, கடைசியில் வீடு அமைந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்.

பக்கத்து பிளாக்கில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாளே அதன் வாசலில் தகரம் அடித்து மொத்த பிளாக்கையும் மூடினார்கள். அதற்குப் பிறகு இந்த பிளாக்கில் ஒரு விதி வந்தது. ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடிக்கு ஏறக் கூடாது. முடியாதவர்களுக்குச் சாமான் கயிற்றில் போகும். விதி போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். தணிகாசலத்தின் எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. ஊருக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை சகாயராஜும் ஹசீனாவும் கூடையை நிரப்புவார்கள். சகாயராஜ் ஆட்டோ ஓட்டுபவர். ஆட்டோ நின்றுபோனதால் கடை கடையாக நடந்து சாமான் வாங்கிவந்தார். ஹசீனா தரைத்தளத்தில் தையல் மெஷின் வைத்திருப்பவர்.

"அண்ணே, இழுங்க!" என்பார் சகாயராஜ்.

கூடை கம்பியைத் தொட்டதும் மேலிருந்து குரல் வரும். "மூணாவது மாடி! அரிசி, பருப்பு, எண்ணெய்!"

"பட்டு எங்கண்ணே?" என்று ஹசீனா கேட்பார்.

"ஸ்டாக் இல்லம்மா. ஊரு திறக்கட்டும்."

கீழே சிரிப்பார்கள். ஹசீனா படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அதில் கூடைக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

"நேத்து என் படத்துக்கு நாப்பத்திரண்டு பேர் கை தட்டியிருக்காங்க, தெரியுமா?"

"நானும் இருந்தேனா?" என்று கயிறு கேட்டது.

"இருந்த. மேல் பாதிய வெட்டிட்டாங்க."

கயிறு அதற்காக வருத்தப்படவில்லை. அதன் கவனமெல்லாம் கையில் இருந்தது. கூடைக்குத் தெரிந்தது எடை. கயிற்றுக்குத் தெரிந்தது பிடி. முதல் வாரம் ஒரே மூச்சில் வந்து சேர்ந்த கூடை, மூன்றாவது வாரம் நடுவில் இரண்டு முறை நின்றது. அடுத்த வாரம் நான்கு முறை. உள்ளங்கை சுட்டது. சமயத்தில் பிடி தளர்ந்து, கயிறு ஒரு சாண் கீழே நழுவி, மறுபடி பிடிபட்டது. குரலும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் "மூணாவது மாடி" என்பதோடு நின்றது. அடுத்த முறை அதுவும் வரவில்லை.

"அவருக்கு முடியல," என்றது கயிறு.

"சாமான் போச்சா இல்லையா? போச்சு. அப்புறம் என்ன?" என்றது கூடை.

பால்கனிக் கம்பி அதிகம் பேசாது. வருஷக்கணக்காக வெயிலில் நின்று துருப்பிடித்த கம்பி. அன்று அதுவாகவே வாய் திறந்தது.

"கீழ இருக்கிறவன் போனதப் பாக்குறான். போனது எங்க இருக்குன்னு நான் பாக்குறேன். போன தடவை அரிசி, அதுக்கு முந்தின தடவை அரிசி, எல்லாம் கட்டின கட்டு பிரிக்காம இங்கதான் வரிசையா இருக்கு. அடுப்பு பத்தி நாலு நாளாச்சு. தண்ணியும் ரொட்டியும்தான். ராவும் பகலும் இருமல்."

"அவரு கீழ சொல்ல வேண்டியதுதானே?" என்றது கயிறு.

"எப்படிச் சொல்வாரு? தனக்குத்தானே பேசிக்கிறாரே, காதுல விழலையா? 'நான் காய்ச்சல்னு சொன்னா நம்ம வாசல்லயும் தகரம் அடிப்பான். பன்னெண்டு குடும்பம் உள்ள மாட்டிக்கும். எதுக்கு? தானா சரியாயிடும்'னு."

கயிறு யோசித்தது. யாராவது ஒருவர் படியேறி வந்து அவர் முகத்தைப் பார்த்தால் போதும். ஆனால் கூடை ஒழுங்காக மேலே போகிறவரை யாரும் படியேற வேண்டியதில்லை. தான் சரியாக வேலை செய்வதுதான் தடையாக இருக்கிறது என்று அதற்கு அப்போது புரிந்தது.

"உன் விளிம்புல ஒரு இடம் பேர்ந்து கூரா இருக்கே," என்று கம்பியிடம் கேட்டது.

"ஆமா. அதுக்குத்தான் உன்ன ரெண்டு விரல் தள்ளிக் கட்டியிருக்காங்க."

"நான் அந்தப் பக்கம் நகர்ந்துக்கிறேன். அறுத்துடு."

"அறுந்தா உன்னக் குப்பையில போடுவாங்க."

"போடட்டும். கயிறு வாய் திறந்து சொல்ல வேற வழி என்ன இருக்கு?"

அடுத்த முறை கூடை ஏறும்போது கயிறு கூரான விளிம்பில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு புரி அறுந்தது. இரண்டாவது மாடி தாண்டியதும் மொத்தமும் விட்டது. கூடை தரையில் மோதி ஒரு மூலை பிளந்தது. எண்ணெய் பாக்கெட் வெடித்தது. அரிசி வாசல் முழுக்கச் சிதறியது.

"அண்ணே! உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கத்தினார் சகாயராஜ்.

தணிகாசலம் பால்கனியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். கீழிருந்து தெரியவில்லை. கம்பிக்கு மேலே ஒரு கை மட்டும் எழுந்தது.

"ஒண்ணும் இல்லப்பா. கயிறு பழசு."

"குரலே சரியில்லியேக்கா," என்ற சகாயராஜ் முதல் படியில் கால் வைத்தார். எண்ணெயில் நனைந்து கிடந்த கயிறு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நில்லு," என்றார் ஹசீனா. "காலையிலேர்ந்து நீ எத்தனை கடை ஏறி இறங்கின? அவருக்கு ஏற்கெனவே மூச்சுக் கோளாறு. நாமளே கொண்டுபோய் ஒட்டவச்சுட்டு வரணுமா?"

அதிலும் நியாயம் இருந்தது. சகாயராஜ் காலை எடுத்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் புதுக் கயிறு வந்தது. நீல நிற நைலான். நுனியில் கல் கட்டி சகாயராஜ் மேலே வீசினார்.

"மண்டையில போட்டுடாதடா!"

"குறி பாத்துத்தான்க்கா வீசுறேன்."

மூன்றாவது வீச்சில் பால்கனிக்குள் விழுந்தது. ஒரு முடிச்சுப் போடத் தணிகாசலம் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அன்றைய சாமான் மறுபடி கட்டப்பட்டு மேலே போய்ச் சேர்ந்தது. ஹசீனா படம் எடுத்தார். 'புதுக் கயிறு. இனி கவலை இல்லை' என்று கீழே எழுதினார்.

"எதுக்காவது ஆகும்," என்று சகாயராஜ் பழைய கயிற்றைச் சுருட்டி, படிக்கட்டின் அடியில் ஓர் ஆணியில் மாட்டினார்.

ஆணியிலிருந்து அது புதுக் கயிற்றிடம் கேட்டது. "கை எப்படி இருக்கு?"

"நான் இருநூறு கிலோ தாங்குவேன்," என்றது நைலான்.

"அது கேக்கல. இழுக்கிற கை எப்படி இருக்கு? சுடுதா? எத்தனை தடவை நின்னுது?"

"எந்தக் கை?" என்றது நைலான்.

மூன்று நாள் கழித்து கூடை மறுபடி நிரம்பியது. பிளந்த மூலையைக் கம்பி போட்டுத் தைத்திருந்தார்கள்.

"அண்ணே, இழுங்க!"

நைலான் அசையவில்லை.

"தணிகாசலண்ணே!"

கூடை வெயிலில் உட்கார்ந்திருந்தது. "என்ன, யாரும் தூக்க மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டது. சகாயராஜ் நாலாவது தரம் கூப்பிட்டார். பிறகு ஹசீனாவைப் பார்த்தார்.

"ஏறுடா," என்று சொல்லிவிட்டு ஹசீனாவே முன்னால் ஏறினார்.

கதவு வெறுமே சாத்தியிருந்தது. தணிகாசலம் பால்கனியில் கிடந்தார். கையில் நைலான் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. இழுக்கத்தான் வந்திருக்கிறார். சுவரோரம் மூன்று கட்டு சாமான் பிரிக்காமல் இருந்தது. ஹசீனா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவர் கையால் கட்டியவை.

"இதெல்லாம் நான் அனுப்பினதுடா," என்றார்.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் வந்து நின்றது. குறுகலான படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்குவது என்று முடிவானது. சரியாமல் இருக்கக் கட்ட வேண்டும்.

"அந்த நைலான அவிழு," என்றார் ஹசீனா.

"அது வழுக்கும்க்கா. கீழ ஆணியில பழசு இருக்கு." சகாயராஜ் ஓடிப்போய் எடுத்துவந்தார்.

"தாங்குமா?"

"தாங்கும்."

கயிறு தணிகாசலத்தின் மார்பைச் சுற்றி வந்தது. இவ்வளவு நாளும் கையை மட்டும் அறிந்த கயிறு அன்று அவர் மூச்சைத் தொட்டது. மூச்சு ஏறியது, நின்றது, இறங்கியது. ஒரு காலத்தில் அவர் லிஃப்டில் போட்ட காக்கிச் சட்டை ஈரமாகக் கிடந்து காய்ந்த கயிறு அது. இப்போது எத்தனை புரி மிச்சம் இருக்கிறதோ, அத்தனையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அறுந்து சொல்ல வேண்டியதை அது சொல்லி முடித்திருந்தது. இனி அறுந்துவிடக் கூடாது.

நாற்காலி இறங்கியது. திருப்பத்தில் கொஞ்சம் குலுங்கியபோது தணிகாசலம் கண் திறக்காமலே உதட்டை அசைத்தார்.

"ரெண்டாவது மாடி... வேட்டி, சட்டை."

"பேசாதீங்கண்ணே," என்றார் சகாயராஜ். முகக்கவசம் நனைந்திருந்தது.

முதல் மாடிக்கு இன்னும் பதினெட்டுப் படிகள். கயிற்றுக்கு எண்ணத் தெரியும். மூச்சு ஏறியது. நின்றது. இறங்கியது.

"முதல் மாடி..."

அங்கே என்ன கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அதற்குக் கீழே மூன்றாவது படியில் மார்பு ஒரு முறை இறங்கியது. அது மறுபடி ஏறும் என்று கயிறு காத்திருந்தது. தூக்கிப் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "கிட்ட வந்துட்டோம்ணே, அவ்ளோதான், அவ்ளோதான்," என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

நாற்காலி வாசலைத் தொட்டது. கிரவுண்ட் ஃப்ளோர் என்று சொல்ல யாரும் இல்லை.