ஆடியில் பட்டம் கிடையாது

கொற்றவழுதி என்று ஒரு ராஜா இருந்தார். தங்கமான மனுஷர். நச்சரிப்பு மட்டும் அவருக்கு ஆகாது. அவருடைய நந்தவன அதிகாரி அம்பலவாணருக்கோ நச்சரிப்பதுதான் முழுநேர வேலை. தனக்கு 'உத்தியான சிகாமணி' என்று பட்டம் சூட்டச் சொல்லி, காலையில் மல்லிகையோடு வந்து நிற்பார். மாலையில் செண்பகத்தோடு வந்து நிற்பார்.

ஆடி பிறந்த அன்று ராஜா உடம்பெல்லாம் எண்ணெயோடு குளிக்க உட்கார்ந்திருந்தார். அங்கேயும் மனுஷர் ஒரு தாமரையோடு வந்துவிட்டார். ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த ஆடி முடியும்வரை யாருக்கும் பட்டம் கிடையாது. மீறுகிறவன் ஒரு மாதம் கொட்டாரத்தில் யானை லத்தி அள்ள வேண்டும். ஊரெல்லாம் தண்டோரா போடுங்கள்" என்றார்.

போட்டார்கள். வம்பு அங்கேதான் வந்தது. அரண்மனையில் பட்டம் என்றால் விருது. ஊருக்குள், அதுவும் ஆடி மாதத்தில், பட்டம் என்றால் விதைக்கிற காலம். தெருத் தெருவாகக் கொல்லையைக் கொத்தி, குழி வெட்டி, மக்கிய எருவும் சாம்பலும் போட்டு, பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் தண்டோராவைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்பலவாணருக்கு உண்மை தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. 'எனக்கு இல்லாத பட்டம் இந்தச் சுரைக்காய்க்காரிகளுக்கு எதற்கு' என்று வயிற்றெரிச்சல். நாலு சேவகர்களைக் கூட்டிக்கொண்டு, யார் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது என்று சுற்ற ஆரம்பித்தார்.

அரசவை விகடர் குழைக்காதர் வீட்டுக்குப் பின்வீடு பேச்சாயியுடையது. மறுநாள் அவள் ஒரு ஈரத்துணி முடிச்சோடு அவரிடம் ஓடி வந்தாள்.

"சாமி, சுரை விதையை ஊறப்போட்டு முடிஞ்சு வச்சிருந்தேன். மூக்கு விட்டுருச்சு. மொத்தமே ஏழு விதை. போன வருசம் காய்ச்ச ஒத்தைக் காயில எலி தின்னது போக மிஞ்சினது. இனிமே இதைக் காய வைக்கவும் முடியாது, நாளைக்குள்ள ஊனலேன்னா அழுகிப் போயிரும். அஞ்சு பிள்ளைகளுக்கு இந்தக் கொல்லைதான் சாமி கறி."

குழைக்காதர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். ஏழும் முளைவிட்டு வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சுரைக்காய்க் கூட்டு என்றால் அவருக்கு உயிர், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"நாளைக் காலையில் குழிக்குப் பக்கத்தில் தயாராக உட்கார்ந்திரு" என்று சொல்லிவிட்டு நேராக யானைக் கொட்டாரத்துக்குப் போனார்.

மறுநாள் நகர்வலம் புறப்பட ராஜா வாசலுக்கு வந்தார். யானை மொட்டை நெற்றியோடு நின்றது.

"எங்கே நெற்றிப்பட்டம்?" என்றார் ராஜா.

"ஆடி மாதம், மகாராஜா. கழற்றி வைக்கச் சொன்னது நான்தான்" என்றார் குழைக்காதர். "நேற்றுவரை பட்டத்து யானை. இன்று வெறும் யானை."

"யாருக்கும் என்றால் மனிதருக்கு என்று அர்த்தமய்யா. அதில் யானை எப்படி வரும்?"

"சுரை விதை வருகிறதே, மகாராஜா. அதைவிட யானை பெரிசு இல்லையா?"

ராஜா விழித்தார். குழைக்காதர் நடந்ததைச் சொன்னார். விதைகள் மூக்கு விட்டதையும், அவற்றுக்குக் காவலாக அம்பலவாணர் சேவகர்களோடு சுற்றுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பக்கத்தில் தாமரையோடு நின்ற அம்பலவாணர், "கட்டளை கட்டளைதானே, மகாராஜா" என்று முனகினார்.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார் குழைக்காதர். "யானை முடிந்தது. அடுத்தது பட்டத்து ராணி."

ராஜாவின் குரல் இறங்கிவிட்டது. "அவளிடம் சொல்லிவிட்டீரா?"

"எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? அம்பலவாணர்தான் கட்டளையில் கறாரானவர். அந்தப்புரத்துக்கு அவரையே அனுப்பலாம். 'இன்று முதல் நீங்கள் வெறும் ராணி' என்று சொல்லிவிட்டு உயிரோடு திரும்பினால், மற்ற வீடுகளைப் பார்க்கட்டும்."

அம்பலவாணர் கையிலிருந்த தாமரை கீழே விழுந்தது.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம்" என்றார் ராஜா அவசரமாக. "ஆனால் தண்டோரா போட்ட வாக்கை மாற்றினால் ஊர் சிரிக்குமே, குழைக்காதரே."

"ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். 'யாருக்கும்' என்ற இடத்தில் 'கேட்பவருக்கு' என்று போடுங்கள். கேட்பவருக்குப் பட்டம் கிடையாது. ராணியம்மா கேட்டு வாங்கவில்லை. யானையும் கேட்கவில்லை. ஆடிப்பட்டத்தைப் பேச்சாயி யாரிடமும் கேட்டதில்லை, அது மழையோடு தானாக வருகிறது."

"அப்படியானால் கேட்டவர் யார்?"

குழைக்காதர் குனிந்தார். கீழே கிடந்த தாமரையை எடுத்து அம்பலவாணர் கையிலேயே கொடுத்தார்.

மறு தண்டோரா தெருவைத் தாண்டுவதற்குள் பேச்சாயி ஏழு விதைகளையும் ஊன்றிவிட்டாள். அந்த ஆடி முழுவதும் அம்பலவாணர் லத்தி அள்ளினார். அள்ளியதை மக்க வைத்து வீடு வீடாகக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது ராணியம்மாவின் உத்தரவு. யாரோ அவளிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐப்பசியில் பேச்சாயி ஒரு சுரைக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு வந்தாள். கைக்குழந்தை கனம் இருந்தது. ராஜா அதைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், பிறகு குழைக்காதரைப் பார்த்தார்.

"எல்லாம் உம்மால் வந்தது. உமக்கு ஒரு பட்டம் கொடுக்கப்போகிறேன். என்ன பட்டம் வேண்டும், கேளும்."

குழைக்காதர் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜா முதலில் விழித்தார். அப்புறம் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"சரி, பட்டம் வேண்டாம். வேறு ஏதாவது கேளுமய்யா."

குழைக்காதர் ஒரு கையை மட்டும் எடுத்துச் சுரைக்காயைக் காட்டினார்.