சூன் என்றால் எப்போது

அந்த மடத்துக்குப் பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. மலையடியில் நாலு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். அங்கே இருந்த குருவைச் செங்கமலத்தம்மா என்பார்கள். முன்பு இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் தாண்டவராயனுக்கு அறுபது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஆனாலும் அவர்தான் குருவை அம்மா என்று கூப்பிடுவார்.

ஒரு நாள் காலையில் கையில் ஒரு கடிதத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"அம்மா, என் பேத்தி பண்ணின கூத்தைக் கேளுங்க."

"சொல்லுங்க."

"எப்ப வருவீங்க தாத்தான்னு கேட்டு எழுதியிருந்தா. நமக்கும் நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும்னு காட்டுவோமேன்னு, 'தாத்தா சூன் வருவேன்'னு எழுதிப் போட்டேன். சீக்கிரம்னு சொல்ல உங்ககிட்ட கத்துக்கிட்ட வார்த்தைதான். இங்கிலீஷ் எழுத்து எனக்கு வராது, தமிழ்லயே எழுதிட்டேன்."

"சரி."

"அவ அதை ஜூன் மாசம்னு படிச்சுட்டாம்மா! தமிழ்ப் புத்தகத்துல அந்த மாசத்தைச் சூன்னுதான் போட்டிருக்காம்."

சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்த முத்தழகு இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"கண்டக்டர் ஐயா ஊர் மாத்தி டிக்கெட் கிழிச்சுட்டாரு!"

அம்மா சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தார். பென்சில் எழுத்து. அங்கங்கே அழித்து அழித்து எழுதியிருந்தது.

'தாத்தா, சூன் முப்பது நாளும் பார்த்தேன். ஸ்கூல் விட்டு வந்து பஸ் ஸ்டாப்புல நின்னேன். நிக்காதேன்னு அம்மா சொன்னாங்க. இன்னிக்கு சூலை ஒண்ணு. நீங்க சொன்னது அடுத்த சூனா?'

"அவங்க அம்மா ஏன் நிக்காதேன்னு சொன்னாங்க?" என்று கேட்டார் அம்மா.

தாண்டவராயன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"என் மக இல்லையா. அவளுக்கு என்னைத் தெரியும்."

 அப்புறம் அவராகவே சொன்னார்.

"என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மக போன் பண்ணினா. 'இதோ வந்துட்டேன்'னு சொன்னேன். சொல்லிட்டு, இன்னொரு டிரிப் முடிச்சுட்டுப் போவோம்னு இருந்துட்டேன். போய்ப் பார்த்தப்ப முகத்தை மூடியிருந்தாங்க. மக ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா அவ வீட்டுக்குப் போயிருப்பேன். மூணு வருஷமாப் போகலை."

அம்மா கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"சரி, அதை விடுங்கம்மா" என்றார் தாண்டவராயன். "பிள்ளைக்கு அர்த்தத்தையாவது சரியா எழுதிடறேன். சூன்னா எப்போ? நாளைக்கா, ஒரு வாரமா, ஒரு மாசமா?"

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சமையல்கட்டில் தூளி ஆடியது. முத்தழகுவின் குழந்தை வீறிட்டு அழுதது.

"இதோ வந்துட்டேன்டா தங்கம்!" என்றாள் முத்தழகு. இரண்டு கையும் மாவு.

அம்மா எழுந்து போய்விட்டார். தூளியை விலக்கிக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்தார். அது விக்கி விக்கி, அவர் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டது.

தாண்டவராயன் காத்திருந்து பார்த்தார். அம்மா குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அர்த்தம் கேட்டேனேம்மா."

"சொல்லிட்டேனே."

அவருக்குப் புரியவில்லை.

"அந்த வார்த்தை பிறந்த காலத்துல அதுக்கு இதுதான் அர்த்தம்" என்றார் அம்மா. "உடனே. இந்த நிமிஷமே. அந்த நாட்டுக்காரங்க அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"அப்புறம் எப்படிம்மா கொஞ்ச நாள்லன்னு ஆச்சு?"

"சொல்லிட்டு உட்கார்ந்தே இருந்தாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, ஊரே. எத்தனையோ நூறு வருஷம். பாவம், வார்த்தை என்ன செய்யும்? அதுவும் கூடவே உட்கார்ந்துடுச்சு."

முத்தழகு வாசலில் வந்து நின்றாள்.

"நம்ம மட்டும் என்னம்மா? கிளம்பவே மாட்டோம், வந்துட்டேன்னு சொல்றோம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாண்டவராயன் தலை குனிந்திருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா. என்னையத்தான் சொன்னேன்."

"இல்ல தாயி, நீ சரியாத்தான் சொன்ன."

வெயில் முற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கிப்போனது. தாண்டவராயன் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, மக கதவைத் திறக்கலைன்னா?"

"நில்லுங்க. பிள்ளை முப்பது நாள் நின்னிருக்கு."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு கார்டும் பேனாவும் எடுத்துவந்து, அம்மா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பழைய அர்த்தத்தையே பிள்ளைக்கு எழுதிடறேன். எப்படி எழுதணும்னு சொல்லுங்கம்மா."

அம்மா குழந்தை விழித்துவிடாமல் ஒரு கையை நீட்டி, அவரிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"அதை எழுத முடியாது. எழுந்திருங்க."