வெள்ளாட்டுத் தலைநகரம்

கிட்ட வந்து உக்காருங்க. நடுவுல இடம் விட்டா அதையும் ஒரு ஜில்லாவாக்கிருவாங்க.

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. அவருக்கு ஒரு மச்சினன், பேரு பூவலிங்கம். திம்பான், தூங்குவான், எந்திரிச்சுத் திம்பான். என் தம்பிக்கு ஒரு பதவி இல்லையேன்னு ராணி தினம் அழுதா. ராசாவும் பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஆத்துக்கு இந்தப் பக்கம் இருந்த மூணு ஊரைக் கிள்ளி ஒரு ஜில்லாவாக்கி, மச்சினன் விரல்ல முத்திரை மோதிரத்தைப் போட்டுவிட்டாரு. இந்த மோதிரம் எங்க இருக்கோ அதுதான் தலைநகரம்னு ஓலையும் எழுதிட்டாரு.

மொத நாள் பூவலிங்கம், முத்திரை வாங்காம யாரும் தண்ணி எறைக்கக் கூடாதுன்னான். சனம் வாளியோட வரிசையில நின்னுச்சு. ரெண்டாம் நாள், முத்திரை வாங்காம சேவல் கூவக் கூடாதுன்னான். சனம் சேவலோட நின்னுச்சு. மூணாம் நாள், முத்திரை இல்லாம மேஞ்சுச்சுன்னு ஒச்சாயியோட வெள்ளாட்டைப் பிடிச்சுக் கட்டி, மத்தியானத்துக்குக் கறிச்சோறு ஆக்கச் சொன்னான்.

ஒச்சாயி ஒண்டிக்கட்டை. அந்த ஆட்டுப் பாலுதான் அவளுக்குக் கஞ்சி. அழுதா, கும்பிட்டா, கால்ல விழுந்தா. அவன் அசையலை. கடைசியா ஒரு வாய் தழை குடுத்துக்கிறேன்னு கேட்டா. சரின்னுட்டு, மோதிரத்தைக் கழட்டி அங்கயே வச்சு, காலைச் சோத்துக்குக் கை கழுவப் போனான். வந்து பாத்தா மோதிரத்தைக் காணோம்.

ஒச்சாயி ஆட்டுக்கு முன்னால நெடுஞ்சாண்கிடையா விழுந்து கெடந்தா.

"தழையோட தழையா முழுங்கிருச்சு சாமி. இப்ப இதுதான் தலைநகரம். தலைநகரத்தையே வெட்டினா, ராசா உங்க தலையை விட்டு வப்பாரா?"

அவன் ஓலையை மூணு தரம் படிச்சான். அவ சொன்னது சரியாத்தான் இருந்துச்சு.

அன்னையில இருந்து ஆடு மேஞ்ச எடத்துலதான் ஜில்லாக் கச்சேரி, மனு வாங்குறது, தீர்ப்புச் சொல்றது எல்லாம். மனுவைத் தின்னா ஏத்துக்கிச்சு, தும்மினா தள்ளிருச்சு. சிரிக்காதீங்க, பூவலிங்கம் தீர்ப்புக்கு இது தேவலைன்னு சனமே சொல்லுச்சு. அவனோ கூடையைத் தூக்கிக்கிட்டு, மோதிரம் விழட்டும் உன்னை வெட்டுறேன்னு ஆட்டுக்குப் பின்னாலயே நடந்து, புழுக்கை புழுக்கையா நசுக்கிப் பாத்தான்.

பதினோராம் நாள் ஒச்சாயி ஆட்டை ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டிட்டா. தலைநகரத்தை மறிக்க ஓலையில சட்டம் இல்லை. தலைநகரமே ஓடிப்போன ஜில்லா எதுக்குன்னு ராசா மூணு ஊரையும் பழைய ஜில்லாவோட சேத்துட்டாரு. பூவலிங்கம் அரமனைக்குப் போனான். ராணி அவன் கையை மோந்து பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டா.

அக்கரையில ஒச்சாயி சுத்திமுத்திப் பாத்தா. முந்தானை முடிச்சை அவுத்தா. உள்ள இருந்த மோதிரத்தை எடுத்து ஆட்டுக் கொம்புல மாட்டிவிட்டா.