மருதப்பன் சொன்ன பொய்

முப்பது வருஷம் காவல்துறையில் விசாரணை நடத்திய தணிகாசலம், ஓய்வு பெற்றபின் மலையடிவாரத்து மடம் ஒன்றில் சீடராகச் சேர்ந்தார். குருவான சிவகாமி அம்மையார் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஒருநாள் மருதப்பன் என்றொருவர் மடத்துக்கு வந்தார். மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொல்லி அம்மையார் முன் உடைந்து அழுதார். கேட்டுக்கொண்டிருந்த அம்மையாரின் கண்களும் நனைந்தன.

தணிகாசலத்துக்கு மட்டும் ஏதோ இடித்தது.

மடத்திலேயே தங்கிவிட்ட மருதப்பனோடு தோட்டத்தில் களை பிடுங்கும்போது, மனைவி இறந்தது எந்தக் கிழமை என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். வியாழன் என்றார் அவர். மறுநாள் பந்தியில் கேட்டபோது திங்கள் என்றார். இலையில் கத்தரிக்காய் விழுந்ததும், "இது அவளுக்கு ஆகாது" என்றார்.

செத்தவளுக்கு இனி என்ன ஆகும், ஆகாது? தணிகாசலம் அன்று மாலையே மடக்கினார்.

"உங்க மனைவி உயிரோட இருக்காங்க."

மருதப்பன் மறுக்கவில்லை. "வேற ஒருத்தரோட போயிட்டா" என்றார் தரையைப் பார்த்தபடி. பிறகு எழுந்துபோய்ப் பையில் துணிகளை அடைக்கத் தொடங்கினார்.

தணிகாசலம் நேரே அம்மையாரிடம் போனார்.

"அம்மா, அவர் மனைவி சாகலை. ஓடிப்போயிட்டாங்க."

"தெரியும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தேகம் இப்போது அம்மையார் பக்கமே திரும்பியது.

"தெரிஞ்சுமா கண்கலங்கினீங்க? அப்ப அது நடிப்பா?"

"அவர் சொன்னதுதான் பொய். அழுதது பொய்யில்லையே."

"மனுஷங்களைப் புரிஞ்சுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் புரிஞ்சுக்கிட்டேன். அவர் மனசுல இருந்ததை அப்படியே வெளியே எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்க. ஓடிப்போயிட்டான்னு சொல்றதைவிடச் செத்துப்போயிட்டான்னு சொல்றது ஏன் அவருக்குச் சுலபமா இருந்துச்சு?"

"அதை நான் கேட்கலை."

"ஏன்?"

"பொய்னு தெரிஞ்சதும் என் வேலை முடிஞ்சுபோச்சு."

அம்மையார் ஜன்னல் வழியே பார்த்தார். மருதப்பன் மடத்தின் வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அவர் பின்னாடி போங்க."

"போய் என்ன கேட்கட்டும், அம்மா?"

"ஒண்ணும் கேட்காதீங்க."

"திரும்பி வரமாட்டேன்னு சொன்னா?"

"பஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க."