மேசை மேல் ஒரு புல்

மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தில் குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கோ எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குரு ஷுஜென் ஒரு பெண் துறவி. சீடர் ஹுவைதே, கீழே ஊரில் காலமெல்லாம் மருந்துக் கடை நடத்தியவர். மனைவி போன பிறகு கடையை மகனிடம் கொடுத்துவிட்டு மலையேறி வந்துவிட்டார்.

அவர் குருவைத் ‘தாயே’ என்பார். குரு அவரைப் ‘பெரியவரே’ என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை. அவர்களுக்கு இல்லை.

மடத்தில் பெரியவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. குருவின் மேசைமேல் ஒரு பீங்கான் தட்டு இருந்தது. அதில் கூழாங்கற்கள், கற்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு அடர்ந்து நின்ற ஒரு புல். மண் கிடையாது, எரு கிடையாது. விடிந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டி, கற்களைத் தேய்த்துக் கழுவி, ஓடையிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

வந்த முதல் வாரமே பெரியவர் கேட்டுவிட்டார். கேள்வி கேட்காமல் இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“தாயே, இது பூக்குமா?”

“பூத்தாலும் கண்ணுக்குத் தெரியாது.”

“பின்னே எதற்கு இதை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள்? மருந்துக்காவது ஆகுமா?”

“மருந்துக்கடைக்காரர் நீங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

பெரியவர் குனிந்து உற்றுப் பார்த்தார். “என் கடையில் நானூறு இழுப்பறை உண்டு. ஒன்றிலும் இது இல்லை” என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குரு சிரித்துக்கொண்டார். பனியில் மலையே வெளுத்துப்போனபோதும் அந்தப் புல் பச்சையாகவே இருந்தது. பெரியவர் அதைக் கவனித்தார். ஏன் என்றுதான் விளங்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் பெரியவருக்கு மறதி வந்தது. கஞ்சிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மடமெல்லாம் தேடினார். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தோடு குருவின் அறைக்கு வந்தவர், குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“தாயே, நான் ஊருக்குப் போய்வர வேண்டும். இப்போதே.”

“வழியெல்லாம் பனி மூடிக் கிடக்கிறது. நாளைக்கு உங்கள் மனைவியின் நினைவு நாள் வேறு.”

“அதனால்தான்.”

இறந்தவரின் நினைவு நாளில் குடும்பத்தில் ஒருவர் ஊதுவத்திக்கு முன்னால் நின்று, அவர் பெயரை உரக்கச் சொல்லி அழைக்க வேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம். வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது.

“ஊரில் என்ன இருக்கிறது?” என்றார் குரு.

“மருந்து. ஞாபகத்துக்கு ஷி சாங் பூ கொடுப்போம். எத்தனை பேருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்!”

நம் வசம்புக்கு அது தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“பார்க்க எப்படி இருக்கும்?”

“பழுப்பு நிறம். மெல்லிய வில்லைகள். ஓரத்தில் நார் நாராக இருக்கும்.”

“அதற்கு முன்னால்?”

“முழு வேராக, மூட்டையில்.”

“அதற்கு முன்னால்?”

“வியாபாரியின் வண்டியில்.”

“அதற்கு முன்னால்?”

  வண்டிக்கு முந்தி அது எங்கே இருந்தது என்று ஆயுளில் ஒரு நாளும் பெரியவர் யோசித்ததில்லை.

“அந்தப் புல்லில் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்குங்கள்” என்றார் குரு.

பெரியவர் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். காரமான அந்த வாசனை அறை முழுவதும் பரவியது. அவர் தட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

“இதுவா? இதையா நான் தினமும் குளிப்பாட்டினேன்?”

குரு செடியைக் கற்களிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் ஒரு கத்தியையும் வைத்தார்.

“வளர்த்தவர் நீங்கள். வேரை நறுக்கிக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.”

கணுக்கணுவான சின்ன வேர். நுனியெல்லாம் வெள்ளையாகப் புது வேர்கள் விட்டிருந்தன. பெரியவர் கத்தியை எடுத்தார்.

“கடையின் பின்கட்டில் உட்கார்ந்து அவள்தான் இதைச் சீவுவாள்” என்றார். “சோறு போடும்போதும் அவள் விரலில் இந்த வாசனைதான். முகம் நினைவிருக்கிறது. அவள் இருமுவதுகூட இன்னும் காதில் கேட்கிறது. பெயர்தான்…”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

“பெயர் வரவில்லை, தாயே. நாளைக்கு என்ன சொல்லி அவளைக் கூப்பிடுவேன்?”

“இங்கே வந்த அன்றைக்கே அவர் பெயரை என்னிடம் சொன்னீர்களே. கேட்டிருக்கலாமே?”

“கட்டினவள் பெயரை மறந்தவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பான்?”

குரு அவர் கையிலிருந்த செடியை வாங்கி, மீண்டும் கற்களுக்கு நடுவே நிறுத்தினார். சாயாமல் இருக்க இரண்டு கற்களை அண்டக் கொடுத்தார்.

“லான்யிங்” என்றார்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். “லான்யிங்… லான்யிங்” என்று தானும் சொல்லிப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

“நாளைக் காலைக்குள் மறந்துவிட்டால்?”

“நாளைக் காலையிலும் கேளுங்கள்.”

“அதற்கடுத்த நாளும் மறந்தால்? ஒவ்வொரு நாளும் வந்து கேட்டுக்கொண்டே இருப்பதா, தாயே?”

குரு தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதில் இருப்பது நேற்று ஊற்றிய தண்ணீர், பெரியவரே. மாற்றிக் கொண்டு வாருங்கள்.”