இருபத்திரண்டு நிமிடம்

காலை ஒன்பதரை, ஒன்பது பெண்கள், கேப்டன் ரோஸ்லின். 2017 ஜூலை 5, புதன்கிழமை, ஒரு ராணுவ மருத்துவமனையின் மகளிர் பிரிவில் அந்தப் புதிய வழக்கம் இப்படித் தொடங்கியது.

ரோஸ்லின் ராணுவச் செவிலியர். படைவீரர்களின் மனைவிமார் எந்த நோய்க்கு வந்தாலும், ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கதவைச் சாத்தி ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டில் கணவர் அடிக்கிறாரா, மிரட்டுகிறாரா என்பது போன்றவை. கேட்பதற்கு முன் அவர் ஒரு வாக்குக் கொடுப்பார்: "இங்க பேசுறது உங்க சம்மதம் இல்லாம இந்தக் கதவைத் தாண்டாது."

துணைக்கு வந்த கணவர்கள் வராந்தாவில் காத்திருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் படைப்பிரிவில் இருந்தாக வேண்டும்; தாமதித்தால் தண்டனை. கட்டு மாற்ற வேண்டிய நோயாளிகளுக்கு எப்போதும் கடைசி டோக்கன்.

"இல்லை" என்பவருக்கு இரண்டு நிமிடம் போதும். அன்று எட்டுப் பேர் அப்படித்தான் வெளியே வந்தார்கள். லான்ஸ் நாயக் அருள்முருகனின் மனைவி சுகந்தி மட்டும் "ஆமாம்" என்றாள். பேசி, அழுது, முகம் கழுவி அவள் வெளியே வந்தபோது அருள்முருகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இருபத்திரண்டு நிமிஷம். உள்ள என்னடி, ராமாயணமா படிச்ச?"

ரத்த அழுத்தத்துக்காக வாராவாரம் வரும் ஹமீதா பானு பக்கத்துப் பெஞ்சில் இருந்தார். சுபேதார் கஃபூரின் மனைவி. அவர் காதிலும் அது விழுந்தது.

அடுத்த புதன்கிழமை சுகந்தியின் வலது மணிக்கட்டில் கட்டு. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். ஐந்து கேள்விக்கும் "இல்லை" என்றாள். நாற்பது விநாடியில் வெளியே போய்விட்டாள்.

பதிவேடு பூட்டிய அலமாரியில் இருந்தது. யாரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் வாக்கு உடைந்திருந்தது. எப்படி என்று ரோஸ்லினுக்குப் புரியவில்லை.

மருத்துவர் மேஜர் குருமூர்த்தி அந்தக் கையைப் பார்த்ததுமே அது யாரோ முறுக்கிய காயம் என்று கண்டு கொதித்தார். "இன்னிக்கே அவன் கமாண்டிங் ஆபீசருக்கு எழுதறேன். இன்னிக்குக் கை, நாளைக்குக் கழுத்து."

"அவங்க சம்மதிக்கல, சார். எழுதினா இனி ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"அடுத்த புதன் வரைக்கும் பொறுக்கறேன். அப்புறம் உங்க வாக்குக்காகக் காத்திருக்க மாட்டேன்."

ஜூலை 19. அன்றும் ஒன்பது பேர். முதல் டோக்கன் ஹமீதா பானு.

"வீட்ல அவர் உங்களை அடிக்கிறாரா?"

"அவரா? பல்லி விழுந்தாலே என்னைத்தான் கூப்பிடுவாரு, மேடம்."

ஐந்து கேள்விகளும் முடிந்தன. ஹமீதா எழுந்திருக்கவில்லை.

"நீங்க போகலாம்."

"ஏன் மேடம் விரட்டறீங்க? இங்க ஃபேன் நல்லா சுத்துது."

இருபது நிமிடம் கழித்துத்தான் எழுந்தார். அடுத்து வந்தவள் மகனின் கணக்கு மதிப்பெண்ணைப் பற்றி இருபது நிமிடம் புலம்பினாள். மூன்றாமவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான்காமவளும் எழாதபோது ரோஸ்லின் நிமிர்ந்து சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஐந்தாமவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "உட்காருங்க, அவசரமே இல்ல" என்றார்.

வெளியே இன்னொரு சுபேதார் கிண்டலடித்தார். "என்ன கஃபூர், வீட்டம்மா இவ்வளவு நேரம்? குழம்புல உப்பு கம்மின்னு கை நீட்டிட்டீங்களா?"

"உப்பு கம்மின்னு சொல்ற தைரியம் இருந்தா நான் ஏன்யா பட்டாளத்துக்கு வந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அன்று எட்டுக் கணவர்களின் மேலும் சந்தேகம் விழுந்தது. அவர்களில் மனைவியை ஒருநாளும் அதட்டாதவர்களும் உண்டு.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஆண்கள் எழுந்தார்கள். சுகந்தியின் டோக்கன் ஒன்பது.

"கட்டை மாத்திட்டு நேரா வீட்டுக்குப் போ. இவளுங்க மாதிரி உட்கார்ந்து கதை பேசாதே" என்று சொல்லிவிட்டு அருள்முருகன் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

பன்னிரண்டு பத்துக்குச் சுகந்தி உள்ளே போனாள். வராந்தாவில் கடிகாரம் பார்க்க ஆளில்லை. முடிந்த பெண்கள் எட்டுப் பேரும் பெஞ்சிலேயே இருந்தார்கள். ஒரு மணிக்கு அவள் சொன்னாள்: "மேஜர் சாரைக் கூப்பிடுங்க, மேடம். எழுதட்டும். நான் இன்னிக்கு அந்த வீட்டுக்குப் போகல."

அன்று காலை வரிசையில் ஒவ்வொருத்தியிடமும் ஹமீதா சொன்னது இவ்வளவுதான்: "உள்ள இருபது நிமிஷம் உட்காருங்க." யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. ஒருத்தியும் கேட்கவில்லை.

மேஜர் உயிருக்கு அஞ்சி வாக்கை மீறத் துணிந்தார். கேப்டன் வாக்குக்காக ஓர் உயிரை ஒரு வாரம் ஆபத்தில் விட்டார். ஹமீதா பானு, தன் கணவர் உட்பட எட்டுப் பேரின் நற்பெயரை அவர்களைக் கேட்காமலே பணயம் வைத்தார். படிப்பவர்களே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மேஜரின் பயம் நியாயமானது. ஆனால் அவர் கடிதம் படைப்பிரிவுக்குப் போகும்போது சுகந்தி அதே வீட்டில்தான் இருந்திருப்பாள். கேப்டன் வாக்குத் தவறவில்லை. பேச்சு கதவைத் தாண்டவில்லை, அதற்குப் பிடித்த நேரம் தாண்டியது. அதை முதலில் கண்டுகொண்டவர் ஹமீதா. எட்டுப் பேரின் பெயர் மேல் பட்ட கறை நாளானால் மங்கிவிடும். சுகந்திக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆகவே ஹமீதா செய்ததே சரி. காரணம் கேட்காமல் உட்கார்ந்த ஏழு பேருக்கும் அதில் பங்கு உண்டு.

சுகந்தி கேட்ட பாதுகாப்பு உத்தரவை நடுவர் நீதிமன்றம் 2018 ஜனவரி 9 அன்று வழங்கியது.