தடித்த கண்ணாடியும் தேவாங்கின் கண்ணும்

கொன்றைக் காட்டில் நல்லான், குவளை என்று ஒரு தேவாங்குத் தம்பதி வாழ்ந்து வந்தனர். தேவாங்குக்கு உடம்பு கைப்பிடி அளவுதான். கண்களோ முகம் முழுக்க! அந்தக் கண்கள் போனால் பிழைப்பே போயிற்று.

நல்லானுக்குக் கரடியின் பட்டறையில் வேலை. நாள் முழுக்கக் கோடரிகளுக்குச் சாணை பிடிப்பான். கல் சுழலும், பொறி பறக்கும், இரும்புத் தூள் சிதறும். நினைத்தாலே குவளைக்குப் பயமாக இருக்கும்.

ஒருநாள் அவள் அணிலின் கண்ணாடிக் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, பட்டறைக் கண்ணாடி ஒண்ணு வேணும். இருக்கிறதிலேயே தடியானதாக் குடுங்க!"

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அவரையும் கூட்டிட்டு வாங்களேன். போட்டுப் பார்த்து வாங்கட்டும்."

"அவர் வந்தா லேசா இருக்கிறதைத்தான் எடுப்பார். எனக்குப் பயமா இருக்கு. அதோ தொங்குதே, அதையே குடுங்க!"

சீசாவின் அடிப்பாகம் போலத் தடித்து, சற்றே மங்கலாக இருந்தது அந்தக் கண்ணாடி. மாலையில் வீடு திரும்பிய நல்லான் அதை மாட்டிப் பார்த்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான்... இருக்கு" என்று இழுத்தான்.

அன்று முதல் மாலைதோறும் அவள் கேட்பாள். "கண்ணாடி போட்டீங்களா?" "போட்டேன், போட்டேன்!" என்பான் அவன். அவன் மூக்கில் கண்ணாடி அழுந்திய சிவந்த தடம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

சில நாட்களில் அந்தத் தடம் மறைந்துவிட்டது. அப்போதும் அவன் "போட்டேன்" என்றுதான் சொன்னான்; குவளைக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் நண்பகலிலேயே பட்டறைக்கு விரைந்தாள்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழைக்கு முன்னாடி பாலத்துக்கு மரம் வெட்டியாகணும்! சீக்கிரம், சீக்கிரம்!" என்று கரடி கத்திக்கொண்டிருந்தது. நல்லான் குனிந்து சாணை பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி அவன் நெற்றிமேல் இருந்தது!

குவளை கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் திரும்புவான்; திரும்பினால் கை கல்லில் பட்டுவிடும். கூப்பிடாவிட்டாலோ? அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். 'கல்லை விட்டுக் கோடரியை எடுத்துடுங்க... கொஞ்சம் எடுத்துடுங்க...'

சட்டென்று ஓர் இரும்புச் சில்லு தெறித்தது.

"ஐயோ, கண்ணு!" என்று அலறினான் நல்லான்.

கரடி கல்லை நிறுத்தியது. குவளை கணவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். குளத்தங்கரையிலிருந்து கொக்கு வைத்தியரை அழைத்து வந்தார்கள்.

கொக்கு இமையை விலக்கிப் பார்த்தது. "கருவிழி ஓரத்துல குத்தி நிக்குது. தும்மினாக்கூடக் கண் போயிடும். அசையாதே!"

ஊசி போன்ற அலகு மெல்ல மெல்லக் கண்ணை நெருங்கியது. நல்லானின் கை குவளையின் கையை இறுக்கியது. அவளால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

சில்லு வெளியே வந்தது! ஆனால் கண்ணுக்குக் கட்டுப் போட்ட பிறகும் கொக்கின் முகம் தெளியவில்லை. "பார்வை திரும்புமான்னு கட்டுப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்" என்றது.

கட்டோடு கிடந்த கணவனிடம் குவளை கேட்டாள். "ஏங்க போட்டுக்கலை? என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"போட்டுத்தான் பார்த்தேன், குவளை. மூக்கு புண்ணாச்சு. மூச்சு விட்டாப் பனி மாதிரி மூடிக்கிச்சு. கோடரி விளிம்பே தெரியலை. தெரியாமச் சாணை பிடிச்சா விரல் போயிடும். சொன்னா நீ இன்னும் பயப்படுவியேன்னு சொல்லலை."

தன் பயம் தேர்ந்தெடுத்த கண்ணாடிதான் அவனை வெறுங்கண்ணோடு நிறுத்தியது என்று குவளைக்குப் புரிந்தது.

கட்டுப் பிரித்த நாளில் நல்லானுக்கு அந்தக் கண்ணில் முதலில் எல்லாம் புகையாகத் தெரிந்தது. பிறகு மெல்ல, குவளையின் முகம் தெரிந்தது. அவள் அழுதேவிட்டாள்.

அன்றைக்கே இருவருமாக அணில் கடைக்குப் போனார்கள். நல்லான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்று காதை அறுத்தது. ஒன்று குனிந்ததும் நழுவியது. இன்னொன்றைப் போட்டுக்கொண்டு தலையை உதறினான், பலமாக மூச்சு விட்டான், சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்தான்.

"எறும்போட மீசைகூடத் தெரியுது! இதுதான்!"

"இவ்வளவு லேசா இருக்கே, தாங்குமா?" என்று கேட்டாள் குவளை.

அணில் அதே வகைக் கண்ணாடி ஒன்றைக் கல்மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கித் தட்டியது. கண்ணாடி உடையவில்லை. "பலம் தடிமன்ல இல்லம்மா. பாருங்க, பக்கவாட்டுலயும் மறைப்பு இருக்கு" என்றது.

நல்லான் மீண்டும் வேலைக்குப் போன அன்று குவளை கிளையை விட்டு இறங்கவே இல்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் அவன் வந்தான், கைகால் கழுவினான், சாப்பிட உட்கார்ந்தான்.

"என்னங்க இது, சாப்பிடும்போதுமா கண்ணாடி?"

நல்லான் திடுக்கிட்டு முகத்தைத் தொட்டுப் பார்த்தான். "அட! போட்டிருக்கிறதே மறந்துபோச்சு!"

குவளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நம்மைக் காக்கும் பொருள் அணிய இதமாகவும் பார்க்கத் தெளிவாகவும் இருக்க வேண்டும். அணிய முடியாத கவசம் எவரையும் காக்காது.